கேட்ட துயரம் நம்மிடமே தங்கிவிடும்போது

கேள்வி: பாலியல் வன்முறைக்கு ஆளான குழந்தைகளுக்கு நான்கு ஆண்டுகளாக உளவியல் ஆலோசனை அளித்து வருகிறேன். சில மாதங்களாகத் தூக்கமில்லை. என் மகளைப் பக்கத்து வீட்டுக்கு அனுப்பவும் அஞ்சுகிறேன். எனக்கு எதுவுமே நேராதபோது இது ஏன்?
– வாசகி, திருச்சி

பதில்: உங்களுக்கு எதுவும் நேரவில்லை என்பது முழு உண்மையன்று. அமெரிக்க மனநல மருத்துவச் சங்கம் 2013-இல் வெளியிட்ட நோய்க் கையேட்டின் ஐந்தாம் பதிப்பு, குழந்தைகள் மீதான கொடுமைகளின் விவரங்களைத் தொழில் நிமித்தம் திரும்பத் திரும்பக் கேட்க நேரும் காவலர்களை எடுத்துக்காட்டாகச் சொல்லி, அதையும் அதிர்ச்சிக்குப் பிந்தைய மன அழுத்தத்துக்கு வழிவகுக்கக்கூடிய அனுபவமாகவே கணக்கில் கொள்கிறது. மகளைப் பற்றிய உங்கள் அச்சம் இதற்குத் தெளிவான அடையாளம்: நாள்தோறும் கேட்கும் கதைகள், உலகம் பாதுகாப்பானது என்ற அடிப்படை நம்பிக்கையையே அரித்துவிடுகின்றன. இதை வெறும் களைப்பென்று எண்ணிப் பத்து நாள் விடுப்பு எடுப்பவர்கள், திரும்பி வந்த முதல் வாரத்திலேயே பழைய நிலைக்குப் போவதைக் காணலாம்.

ஆகவே, கடுமையான வழக்குகள் உங்களிடமே குவியாமல் பகிர்ந்தளிக்கவும், மூத்த ஆலோசகர் ஒருவருடன் தவறாமல் பேச நேரம் ஒதுக்கவும் நிறுவனத்திடம் கேளுங்கள். அது சலுகையன்று, பணியின் ஒரு பகுதி. குழந்தையின் அடையாளத்தை வெளியிடாமலும், கொடுமையின் விவரங்களுக்குள் போகாமலும், உங்கள் உணர்வை மட்டும் சக ஊழியரிடம் சொல்லலாம். ‘போகப் போகப் பழகிவிடும்’ என்பவர்களின் பேச்சை நான் நம்புவதில்லை.

தூக்கமின்மை மாதக்கணக்கில் நீடிப்பதால், மனநல மருத்துவரை இப்போதே பாருங்கள். அதுவரை அரசின் தொலைபேசி மனநல ஆலோசனைச் சேவையான டெலி மானஸை 14416 என்ற எண்ணில் கட்டணமின்றி அழைத்துத் தமிழிலேயே பேசலாம்.