பதில்: 8 அடி உயரப் புத்தக அலுமாரி, சுவரில் துளைத்தால் மண்ணாகக் கொட்டுகிறது

சகோதரி, அப்பாவின் புத்தகங்களுக்காக 3 மீற்றர் நீளத்தில், 5 தட்டோடு பெட்டி பெட்டியாகப் பூட்டும் அலுமாரி வைக்கப் போவதாகவும், துளைத்த இடத்தில் திருகாணிக்காகச் செருகும் பிளாஸ்டிக் பிளக் நிற்கவில்லை, சுவரில் பூட்டாமலே விடலாமா என்றும் கேட்டிருந்தீர்கள். தயவுசெய்து விட்டுவிடாதீர்கள். வீட்டில் நாலு வயதுப் பிள்ளை இருக்கிறது. தட்டைப் படியாக நினைத்து ஏறத்தான் செய்யும்.

ஒரு மீற்றர் புத்தகம் 25 முதல் 30 கிலோ வரும். உங்களுடையது 5 தட்டும் சேர்த்து 15 மீற்றர், 400 கிலோவுக்குக் கிட்ட.

கொட்டுவது வெள்ளைத் தூளா, சாம்பல் தூளா என்று பாருங்கள். வெள்ளை என்றால் பழைய சுண்ணாம்புச் சாந்து. கொக்குவிலில் எங்கள் வீட்டிலும் அதேதான். கையால் இழுக்கவே பிளக் தூளோடு வந்துவிட்டது. பிறகு வைரமான பனஞ்சிலாகை (பனைமரச் சட்டம்) ஒன்றைச் சுவரின் நீளத்துக்குக் கிடையாக வைத்து, சாந்தில் இல்லாமல் கல்லிலேயே படும்படி ஏழெட்டு இடத்தில் நீள ஆணி முடுக்கினோம். ஒவ்வொரு பெட்டியின் மேற்பக்கத்தையும் இரும்பு மூலைத்தகட்டால் அந்தச் சிலாகையோடு பூட்டினோம். இன்றுவரை அசையவில்லை. சாம்பல் தூள் என்றால் சீமெந்துக் கல். கதவு நிலைக்கு மேலே கொங்கிறீற் ஓடினால் அதில் பூட்டுங்கள். சுவிச்சுக்கு நேர் மேலேயும் கீழேயும் துளைக்கவே வேண்டாம், வயர் போகும்.

பாரமான தொகுதிகள் அடித்தட்டில். பெட்டிகளை ஒன்றோடொன்றும் முடுக்குங்கள்.

சுவருக்கும் முதுகுப் பலகைக்கும் இரண்டு விரல் இடைவெளி விடுங்கள். கார்த்திகை மழைக்குச் சுவர் ஊறினால் தூள்பலகை உப்பிவிடும், பலகை சுவரோடு ஒட்டியிருந்தால் கறையானும் சுவரிலிருந்து அதில் ஏறும். துளைத்துப் பார்த்து, தூளின் நிறத்தை எழுதுங்கள்.