மெல்பர்னில் ஜனவரி 26

அன்புள்ள ஐயா,

மெல்பர்னுக்கு வந்து ஒன்பது வருடமாகிறது. ஒவ்வொரு ஜனவரி 26 அன்றும் பத்துக் குடும்பங்கள் ஒன்றுகூடி, நம் கொடியை ஏற்றி, ஜன கண மன பாடி, கேசரி, வடையோடு குடியரசு தினம் கொண்டாடுவோம். இங்கே அன்று ஆஸ்திரேலிய தினம், அரசு விடுமுறை. இந்த முறை என் பன்னிரண்டு வயது மகள், “இங்க இருந்த பழங்குடி மக்களுக்கு இது துக்க நாள்மா. நாம ஏன் இன்னிக்குக் கொண்டாடுறோம்?” என்று கேட்டாள். இனி வேறொரு ஞாயிற்றுக்கிழமைக்கு மாற்றிவிடலாமா?

ஒரு வாசகி

அன்புள்ள சகோதரிக்கு,

மாற்ற வேண்டாம். ஆனால் மகளின் கேள்வியைத் தள்ளிவைத்துவிட்டுக் கொடியேற்றவும் வேண்டாம்.

1788 ஜனவரி 26 அன்று பிரிட்டிஷ் கப்பல்களோடு வந்த ஆர்தர் பிலிப் சிட்னி கரையில் பிரிட்டிஷ் கொடியை ஏற்றினார். அந்த மண்ணின் மக்கள் நிலத்தை இழக்கத் தொடங்கியது அங்கிருந்துதான். 142 ஆண்டுகள் கழித்து அதே தேதியில், அதே சாம்ராஜ்யத்தின் ஆட்சி வேண்டாமென்று இந்தியாவில் ஊர் ஊராக மக்கள் கூடி உறுதிமொழி எடுத்தார்கள். 1929 டிசம்பரில் லாகூர் காங்கிரஸ் பூரண சுயராஜ்யமே இலக்கு என்று தீர்மானித்ததைத் தொடர்ந்து வந்த நாள் அது. அதன் நினைவாகத்தான், 1949 நவம்பர் 26 அன்றே ஏற்கப்பட்ட அரசியலமைப்பை முழுதாக நடைமுறைக்குக் கொண்டுவர இரண்டு மாதம் காத்திருந்தார்கள். இந்தத் தேதிக்குப் பின்னால் இவ்வளவு இருப்பதால்தான் மாற்ற எனக்கு மனம் வரவில்லை.

உங்கள் ஊர்க்காரர் ஒருவரைப் பற்றியும் மகளுக்குச் சொல்லுங்கள். வில்லியம் கூப்பர், யோர்ட்டா யோர்ட்டா என்ற பழங்குடி இனத்தவர். எழுபது வயதுக்கு மேல் மெல்பர்னின் ஃபுட்ஸ்க்ரே பகுதிக்கு வந்து, தன் மக்களின் உரிமைக்காக பிரிட்டிஷ் மன்னருக்கு மனு அனுப்பக் கையெழுத்துத் திரட்டியவர். 1938 ஜனவரி 26 அன்று சிட்னியில், பிலிப் கொடியேற்றியதன் 150-வது ஆண்டு விழா ஊர்வலம் போனது. அன்றே அவரும் தோழர்களும் அங்கே ஒரு மண்டபத்தில் துக்க நாள் அனுசரித்து, முழுக் குடியுரிமை கேட்டுத் தீர்மானம் போட்டார்கள். அதே நாளில் இந்தியாவில் சுயராஜ்ய உறுதிமொழியை வாசித்துக்கொண்டிருந்தார்கள். இந்த இரண்டு கூட்டங்களையும் சேர்த்து நினைக்கும்போதெல்லாம் எனக்கு நெஞ்சு கனத்துவிடும்.

1930-ன் அந்த உறுதிமொழியின் முதல் வாக்கியத்தைப் பாருங்கள். சுதந்திரம் இந்திய மக்களின் உரிமை என்று மட்டும் அது சொல்லவில்லை. வேறு எந்த மக்களுக்கும் இருப்பதைப் போலவே இந்திய மக்களுக்கும் அந்த உரிமை உண்டு என்கிறது. அடுத்த வருடம் கொடியேற்றியதும் அதை உங்கள் மகளே வாசிக்கட்டும். வில்லியம் கூப்பரைப் பற்றியும் அவளே நாலு வார்த்தை பேசட்டும்.

அன்று நகரில் பழங்குடி மக்களின் பேரணி விக்டோரியா நாடாளுமன்றப் படிக்கட்டில் தொடங்கும். அவள் போக விரும்பினால் நீங்களும் கூடப் போங்கள். சாப்பாட்டை அன்று மாலைக்கு வைத்துக்கொள்ளலாம்.

அன்புடன்.