காபிக்கு முன்பா, டிபனுக்குப் பின்பா?

பல் துலக்கும் நேரம் பற்றி வாசகர்கள் கேட்ட கேள்விகளுக்குப் பல் மருத்துவர்களின் பதில்கள்

எழுந்ததும் பல் துலக்கிவிட்டுத்தான் எங்கள் வீட்டில் அடுப்படிக்கே போவோம். புதிதாக வந்த மருமகள் காபி, டிபன் எல்லாம் முடித்துவிட்டுத்தான் பிரஷைத் தொடுகிறாள். 'சாப்பிட்ட பிறகு துலக்கினால்தானே அத்தை அழுக்கு போகும்' என்கிறாள். யார் சொல்வது சரி?
*வாசகி, ஈரோடு*

உங்கள் பழக்கம்தான் நல்லது. பிரஷ் போக்க வேண்டிய அழுக்கு இட்லித் துணுக்கு அல்ல, கிருமிப் படலம். துணுக்கு நன்றாகக் கொப்பளித்தாலே பெரும்பாலும் போய்விடும். படலம் எவ்வளவு கொப்பளித்தாலும் போகாது.

தூக்கத்தில் எச்சில் சுரப்பு மிகவும் குறைந்துவிடும். பல்லைக் கழுவுவதும் புளிப்பை முறிப்பதும் எச்சில்தான். அது வற்றியிருக்கும் ஆறேழு மணி நேரத்தில் கிருமிகள் பெருகிப் பல்லின் மேல் பிசுபிசுவென்று படிந்துவிடும். எழுந்தவுடன் நாக்கால் பல்லைத் தடவிப் பாருங்கள், மெல்லிய துணி போர்த்தியதுபோல் இருக்கும். அதன் மேல் சர்க்கரை போட்ட காபி போனால் சில நிமிடங்களில் கிருமிகள் அந்தச் சர்க்கரையை அமிலமாக்கிவிடும். புளிப்பைக் காட்டும் பி.ஹெச். அளவு (குறையக் குறையப் புளிப்பு கூடும்) ஏறக்குறைய 5.5க்குக் கீழே இறங்கியதும் பல்லின் மேலோடான எனாமலிலிருந்து கால்சியமும் பாஸ்பேட்டும் கரையத் தொடங்கும். பழைய நிலைக்கு வர அரை மணி முதல் ஒரு மணி நேரம் பிடிக்கும். 1940களில் ஸ்டீஃபன் என்ற அமெரிக்க ஆய்வாளர் இந்த இறக்கத்தையும் ஏற்றத்தையும் அளந்து காட்டினார். பல் மருத்துவ மாணவர்கள் இன்றும் அதை 'ஸ்டீஃபன் வளைகோடு' என்றுதான் படிக்கிறார்கள்.

முதலிலேயே துலக்கிவிட்டால் அமிலம் செய்யும் கிருமிகள் குறைந்துவிடும், பேஸ்ட்டிலுள்ள, சொத்தையைத் தடுக்கும் ஃப்ளோரைடும் பல்லின் மேல் இருக்கும். அதன் பிறகு வரும் காபியால் அவ்வளவு கெடுதல் இல்லை. டிபன் முடிந்ததும் வெறும் தண்ணீரில் நாலு வாய் கொப்பளித்தால் போதும்.

மருமகளுக்குப் பின்னால் துலக்குவதுதான் வசதி என்றால் கட்டாயப்படுத்த வேண்டாம். சாப்பிட்டவுடன் மட்டும் வேண்டாம், அரை மணி போகட்டும். ஆரஞ்சு, எலுமிச்சைச் சாறு, தக்காளித் தொக்கு என்று புளிப்பு கூடுதலாக இருந்த நாளில் ஒரு மணி நேரம் விடட்டும். துலக்கியவுடன் காபி கசக்கிறது என்பதற்காகத் தள்ளிப்போடுகிறவர்களும் உண்டு. பேஸ்ட்டில் நுரைக்காகச் சேர்க்கும் பொருள் நாக்கின் இனிப்புச் சுவையைச் சற்று நேரம் மங்கச் செய்வதுதான் காரணம். கால் மணி நேரம் கழித்துக் குடித்தால் சுவை திரும்பியிருக்கும்.

இன்னொன்றும் இருவருக்கும் சேர்த்தே சொல்கிறோம். துலக்கி முடித்ததும் ஒரு செம்புத் தண்ணீர் தீரும்வரை கொப்பளிக்கும் பழக்கம் நம் வீடுகளில் அதிகம். பேஸ்ட்டில் காசு கொடுத்து வாங்கிய ஃப்ளோரைடு அத்தனையும் வாஷ்பேசினில் போய்விடுகிறது. நுரையை நன்றாகத் துப்புங்கள், அவ்வளவுதான். வாய் ஒரு மாதிரி இருந்தால் ஒரே ஒரு மடக்குத் தண்ணீர் போதும். நாலு நாளில் பழகிவிடும்.

தினமும் காலையில் வெந்நீரில் எலுமிச்சை பிழிந்து தேன் கலந்து குடிக்கிறேன். வாய் புளிப்பாக இருப்பதால் உடனே பல் தேய்த்துவிடுவேன். மூன்று வருடமாக இப்படி. இப்போது பச்சைத் தண்ணீர் பட்டாலே பல் கூசுகிறது. கூச்சத்துக்கான பேஸ்ட் போட்டும் சரியாகவில்லை.
*வாசகர், மதுரை*

பேஸ்ட்டை மாற்றுவதற்கு முன் வரிசையை மாற்ற வேண்டும். எலுமிச்சைச் சாற்றின் பி.ஹெச். 2லிருந்து 2.5க்குள் இருக்கும். தண்ணீரில் கலந்தாலும் எனாமலை இளக்கும் அளவுக்குப் புளிப்பு மிஞ்சும். இங்கே கிருமிக்கு வேலையே இல்லை, அமிலம் நேராகவே பல்லைத் தாக்குகிறது. அது பட்டதும் எனாமலின் மேற்பரப்பு நுண்ணிய அளவில் மிருதுவாகிவிடும். அந்த நேரத்தில் பிரஷும் பேஸ்ட்டில் உள்ள தேய்ப்புப் பொருளும் உரசினால் இளகிய அடுக்கு வழித்துக்கொண்டு போய்விடும். ஒரு நாளில் தெரியாது. ஆயிரம் காலைகள் ஆகும்போது எனாமல் மெலிந்து, அடியிலுள்ள மஞ்சள் நிற டென்டின் வெளியே வரும். அதிலுள்ள நுண்குழாய்கள் நரம்புவரை போவதால்தான் பச்சைத் தண்ணீர் சுரீரென்கிறது.

கண்ணாடி முன் நின்று நல்ல வெளிச்சத்தில் பாருங்கள். முன்பல்லின் நுனி கண்ணாடித் துண்டு போல ஒளி ஊடுருவித் தெரிகிறதா? கடைவாய்ப்பல்லின் முனைகளில் சின்னச் சின்னக் குழி விழுந்திருக்கிறதா? பழைய அடைப்பு ஏதேனும் இருந்தால், பல் கரைந்து அடைப்பு மட்டும் மேடாக நிற்கிறதா? இதில் ஒன்று இருந்தாலும் அது அமில அரிப்புதான். பல் மருத்துவரிடம் நேரில் காட்டுங்கள். ஈறை ஒட்டி ஆப்பு வடிவில் வெட்டியதுபோல் பள்ளம் இருந்தால் அதில் பிரஷ் அழுத்தத்துக்கும் பங்கு உண்டு.

எழுந்ததும் முதலில் பல் துலக்குங்கள். சற்று நேரம் கழித்து எலுமிச்சைத் தண்ணீரைக் குடியுங்கள். வாயில் வைத்துச் சுழற்றாமல், பேப்பர் படித்தபடி அரை மணி நேரம் உறிஞ்சாமல், ஒரே மூச்சில் குடித்துவிடுங்கள். உடனே சாதாரணத் தண்ணீரில் கொப்பளியுங்கள். அடுத்த ஒரு மணி நேரத்துக்கு பிரஷ் கூடாது.

ஆனால் ஒரு மணி நேரம் காத்திருந்தால் பல் முழுக்கப் பழையபடி இறுகிவிடும் என்று நினைத்துவிடாதீர்கள். எச்சில் சேதத்தைச் சரிசெய்ய அதைவிட அதிக நேரம் வேண்டும், தேய்ந்து போன எனாமல் திரும்ப முளைக்கவும் முளைக்காது. அதனால் தினமும் குடிப்பதை வாரம் இரண்டு நாளாகக் குறைப்பதே பெரிய மருந்து. கூச்ச பேஸ்ட்டைத் தொடருங்கள், பலன் தெரிய இரண்டு முதல் நான்கு வாரம் ஆகும். மிருதுவான பிரஷை விரல்நுனியால் பேனா போலப் பிடியுங்கள். முஷ்டியில் பிடித்தால் தானாகவே அழுத்தம் கூடும். ஈறோரத்தில் 45 டிகிரி சாய்த்து, சின்ன அசைவாக, மொத்தம் இரண்டு நிமிடம் துலக்குங்கள்.

மில்லில் எனக்கு நிரந்தர இரவு ஷிப்ட். காலை 7 மணிக்கு வந்து சாப்பிட்டுப் படுத்தால் மாலைதான் எழுவேன். இரவு துலக்க வேண்டும் என்கிறார்களே, எனக்கு எது இரவு?
*வாசகர், திருப்பூர்*

எந்த நேரமாக இருந்தாலும், நீங்கள் நீட்டிப் படுப்பதற்கு முந்தைய துலக்கல்தான் உங்களுக்கு இரவுத் துலக்கல். இரண்டில் ஒன்றைத்தான் செய்ய முடியும் என்றால் அதைச் செய்யுங்கள், எழுந்த பிறகு துலக்குவதைக்கூட விட்டுவிடலாம். வீட்டுக்கு வந்ததும் சாப்பிட்டு, கொப்பளித்து, பிறகு குளியுங்கள். அதற்குள் அரை மணி ஓடிவிடும். துலக்கிவிட்டுப் படுங்கள். அதன் பிறகு தண்ணீர் தவிர எதுவும் வேண்டாம்.

ஷிப்ட் நேரத்து டீயையும் கவனியுங்கள். இரவு முழுக்க மணிக்கொரு சர்க்கரை டீ என்றால், வாய் அமிலம் தணிவதற்குள் அடுத்தது வந்துவிடுகிறது. இரண்டே டீயாக்கி, சாப்பாட்டோடு சேர்த்துக் குடிப்பது நல்லது. மற்ற நேரத்துக்கு சர்க்கரையில்லாத டீ போட்டுத் தரச் சொல்லுங்கள்.

மூன்று மாதக் கர்ப்பம். தினமும் காலையில் வாந்தி. வாந்தி நாற்றம் போக உடனே பல் துலக்குகிறேன். பிரஷை வாயில் வைத்தாலே மறுபடி குமட்டுகிறது.
*வாசகி, தஞ்சாவூர்*

வயிற்று அமிலம் எலுமிச்சையைவிடக் கடுமையானது. வாந்தி எடுத்தவுடன் பிரஷ் வேண்டாம், தாயே. ஒரு டம்ளர் தண்ணீரில் ஒரு டீஸ்பூன் சமையல் சோடா கலந்து கொப்பளித்துத் துப்புங்கள், விழுங்கக் கூடாது. அமிலம் முறிந்துவிடும், நாற்றமும் குறையும். ஒரு மணி நேரம் கழித்துத் துலக்குங்கள். காலை நேரமே ஒத்துவரவில்லை என்றால் குமட்டல் அடங்கும் முற்பகலுக்குத் தள்ளிவைக்கலாம். குழந்தைகளுக்கான சின்னத் தலை பிரஷ் குமட்டலைக் குறைக்கும். பேஸ்ட்டின் வாசனை பிடிக்கவில்லையானால் புதினா காரமில்லாத ஃப்ளோரைடு பேஸ்ட்டாகப் பாருங்கள். ஈறில் ரத்தம் வந்தால் பயந்து துலக்குவதை நிறுத்திவிடாதீர்கள். கர்ப்ப காலத்தில் ஈறு சீக்கிரம் வீங்கும், படலம் சேர்ந்தால் ரத்தம் இன்னும் கூடும். பரிசோதனையும் சுத்தம் செய்வதும் கர்ப்பத்திலும் செய்துகொள்ளலாம்.

நான்கு வயதுப் பையன் இன்னும் பால்புட்டியோடுதான் தூங்குகிறான். மேல் முன்பற்கள் கறுத்துவிட்டன, கீழ்ப்பற்கள் நன்றாகவே இருக்கின்றன. எங்கள் பக்கம் தண்ணீரிலேயே ஃப்ளோரைடு அதிகம் என்பதால் ஃப்ளோரைடு இல்லாத பேஸ்ட்தான் கொடுக்கிறோம்.
*வாசகி, தருமபுரி மாவட்டம்*

நீங்கள் சொல்லும் அடையாளம் அப்படியே புட்டிப்பால் சொத்தைதான். தூங்கும்போது பால் மேல் முன்பற்களைச் சுற்றித் தேங்கும். கீழ்ப்பற்களை நாக்கும் அங்கே சுரக்கும் எச்சிலும் காப்பாற்றிவிடும். பாலைப் படுக்கைக்கு அரை மணி முன்பே டம்ளரில் கொடுத்து முடியுங்கள். பிறகு நீங்களே பல் துலக்கிவிடுங்கள், இந்த வயதில் அவன் கையை நம்ப முடியாது. புட்டி இல்லாமல் தூங்க அடம்பிடித்தால் வெறும் தண்ணீர் ஊற்றிக் கொடுங்கள். கறுத்த பற்கள் விழுந்து புதிது முளைக்கத்தானே போகிறது என்று விட்டுவிட வேண்டாம், சீழ் பிடித்தால் உள்ளே வளரும் நிலைப்பல்லையும் அது பாதிக்கும். சீக்கிரம் காட்டுங்கள்.

உங்கள் மாவட்டத்து ஆழ்துளைக் கிணறுகளைப் பற்றிய கவலை நியாயமானது. குடிநீரில் ஃப்ளோரைடு லிட்டருக்கு 1 மில்லிகிராமுக்குள் இருக்க வேண்டும், மாற்று வழி இல்லாத இடத்தில் 1.5 வரை ஏற்கலாம் என்பது இந்தியத் தர அளவு. வீட்டில் குடிப்பது ஒகேனக்கல் குடிநீரா, போர் தண்ணீரா? போர் தண்ணீர் என்றால் ஆய்வகத்தில் கொடுத்துச் சோதித்துவிடுங்கள். பல்லில் திட்டு விழுவதற்குக் காரணம் உடம்புக்குள் போகும் ஃப்ளோரைடு. பல்லின் மேல் பட்டுத் துப்பிவிடுவது சொத்தையைத் தடுக்கும். அவனுக்குத் துப்பத் தெரியும் என்றால் பட்டாணி அளவு ஃப்ளோரைடு பேஸ்ட், சரியாகத் துப்பத் தெரியாதவரை அரிசி அளவு போதும். தண்ணீரில் அளவு மீறியிருந்தால் எந்த பேஸ்ட் என்பதை மருத்துவரிடம் கேட்டு முடிவு செய்து கையோடு எழுதி வாங்குங்கள். பேஸ்ட் டியூபை அவன் கைக்கு எட்டாமல் வையுங்கள்.

ஈறு வீக்கத்துக்கு குளோர்ஹெக்சிடின் மவுத்வாஷ் எழுதிக் கொடுத்திருக்கிறார்கள். பல் துலக்கிய கையோடு கொப்பளிக்கலாமா?
*வாசகர், நாகர்கோவில்*

கூடாது. பேஸ்ட்டின் நுரைப் பொருள் அந்த மருந்தின் வீரியத்தைக் குறைத்துவிடும். குறைந்தது அரை மணி இடைவெளி விடுங்கள். கொப்பளித்த பிறகு அரை மணிக்கு டீ, காபி வேண்டாம், பல்லில் பழுப்புக் கறை ஏறும். எழுதிக் கொடுத்த நாட்களுக்கு மேல் நீங்களாகத் தொடரவும் வேண்டாம்.