இசகாயாவுக்குப் போகுமுன்: கேட்டவர்களுக்குச் சில பதில்கள்

ஜப்பான் வரும் நம்மவர்கள் ராமென் கடையையும் சுஷி கடையையும் எப்படியோ சமாளித்துவிடுகிறார்கள். கொஞ்சம் விலை கூடிய இசகாயா என்றால் மட்டும் வாசலில் தொங்கும் துணித்திரையை விலக்கவே தயங்குகிறார்கள். டோக்கியோவில் வேலை பார்ப்பதால் அலுவலக விருந்து, ஊரிலிருந்து வரும் நண்பர்கள் என்று இந்தக் கடைகள் எனக்குப் பழக்கம். அதனால்தான் கேள்விகளை அனுப்பச் சொன்னேன். படம் போட்ட மெனு வைத்திருக்கும் சங்கிலிக் கடைகளைப் பற்றி இங்கே பேசவில்லை. ஆளுக்கு 8,000 முதல் 15,000 யென் வரை ஆகிற, சமையல்காரர் உங்கள் கண்முன் நின்று சமைக்கிற கடைகளைப் பற்றித்தான் எழுதுகிறேன்.

அக்கா, இசகாயா என்றால் பார்தானே? அதில் என்ன உயர்தரம்?

குடிக்கிற இடம்தான், மறைக்க ஒன்றுமில்லை. எடோ காலத்தில் (17 முதல் 19ஆம் நூற்றாண்டு வரை) சாக்கே என்ற அரிசி மது விற்ற கடைகள், அங்கேயே குடிக்க விரும்பியவர்களுக்கு இடமும் கொறிக்க ஏதாவதும் கொடுக்கத் தொடங்கியதில் பிறந்த வழக்கம் இது. டோக்கியோ கண்டா பகுதியில் 1596இல் தொடங்கிய தோஷிமாயா என்ற சாக்கேக் கடை, தோஃபுவில் மிசோ என்ற புளித்த சோயா விழுதைத் தடவிச் சுட்டுக் கொடுத்தே பேர் வாங்கியது.

இன்று சாப்பாடு எங்கோ போய்விட்டது. ஆனாலும் வரிசை மாறவில்லை: முதலில் பானம், அதற்குத் துணையாகத்தான் தட்டுகள். இது பிடிபட்டால் மற்றதெல்லாம் தானாகப் புரியும். தட்டுகள் ஏன் சிறியவை, சோறு ஏன் கடைசியில் வருகிறது, உட்கார்ந்த உடனே ஏன் ‘குடிக்க என்ன?’ என்று கேட்கிறார்கள் என்பதெல்லாம் இதிலிருந்துதான். உயர்தரம் நாற்காலியிலும் விளக்கிலும் தெரியாது. டோக்கியோவின் யுஷிமாவில் 1925இல் தொடங்கிய ஷின்சுகே என்ற கடையைப் பாருங்கள். பகட்டே கிடையாது, ஆனால் ஊரே மதிக்கிற இடம். மீனின் தரம், சாக்கேயை வைத்திருக்கும் பக்குவம், சமையல்காரரின் கை, இவற்றுக்குத்தான் காசு.

கேட்காமலே ஒரு சின்னக் கிண்ணம் வைத்தார்கள். பில்லில் ஆளுக்கு 700 யென் போட்டிருந்தார்கள். ஏமாற்றிவிட்டார்களா?

இல்லை. அதன் பெயர் ஒதோஷி. ஒசாகா, கியோட்டோ பக்கம் த்சுகிதாஷி என்பார்கள். உட்காரும் இடத்துக்கான கட்டணம் கிண்ண வடிவில் வருகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். சாதாரணக் கடையில் 300 முதல் 500 யென், நல்ல கடையில் 1,000 வரைகூடப் போகும். நல்ல கடையில் ‘வேண்டாம்’ என்று திருப்பிவிடுவது அழகல்ல.

எனக்கு ஒதோஷி பிடிக்கும், ஏனென்றால் அந்தச் சமையல்காரர் யார் என்று முதலில் சொல்வது அதுதான். இலையுதிர்காலத்தில் வேகவைத்த கீரையோடு மஞ்சள் சாமந்தி இதழைச் சேர்த்து இரண்டு வாய்க்குக் கொடுப்பார்கள். அது நன்றாக இருந்தால் அன்றைய ராத்திரி கவலையில்லை. ஒவ்வாமையோ விலக்கோ இருந்தால் உட்கார்ந்ததுமே சொல்லுங்கள், மாற்றித் தரப் பார்ப்பார்கள்.

நாங்கள் சுத்த சைவம். போகலாமா?

அதிகம் வந்த கேள்வி இதுதான். சிக்கல் தட்டில் கிடக்கும் மீனில் இல்லை, கண்ணுக்குத் தெரியாத தாஷியில் இருக்கிறது. காய்ந்த கத்சுவோ மீனைச் சீவி, கொம்பு என்ற கடற்பாசியோடு சேர்த்து எடுக்கும் சாறு அது. பொரித்த தோஃபுவின் மேல் ஊற்றும் குழம்பு, முட்டைச் சுருள், ஊறவைத்த கீரை, மாவில் தோய்த்துப் பொரிக்கும் தெம்புராவுக்குத் தொட்டுக்கொள்ளும் சாறு என்று எல்லாவற்றிலும் அது இருக்கும். ‘வெஜிடேரியன்’ என்று மட்டும் சொன்னால் இறைச்சித் துண்டை எடுத்துவிட்டுச் சிரித்த முகத்தோடு கொண்டுவந்து வைப்பார்கள். அவர்கள் பொய் சொல்லவில்லை, தாஷியை அவர்கள் மீனாக நினைப்பதே இல்லை.

அதனால் முன்பதிவு செய்யும்போதே எழுதிவிடுங்கள்: ‘நிகு தோ சகனா வா தபெராரெமசென். கத்சுவோ தாஷி மோ தமே தெசு.’ இறைச்சி, மீன் சாப்பிட மாட்டோம், கத்சுவோ தாஷியும் கூடாது என்று அர்த்தம். ஓரிரு நாள் அவகாசம் கிடைத்தால் சில சமையல்காரர்கள் கொம்புவிலும் காய்ந்த ஷிதாகே காளானிலும் தனியாகச் சாறு எடுத்துச் சமைப்பார்கள். முடியாது என்று பதில் வந்தால் வருத்தப்படாதீர்கள், நேர்மையான கடை அது.

சொல்லாமல் போய் மாட்டிக்கொண்டால் கைகொடுப்பவை: எதமாமே என்ற பச்சைச் சோயாக் காய், மிசோவோடு வெள்ளரி, உப்புத் தூவிச் சுட்ட ஷிதாகே, தக்காளித் துண்டுகள், ‘கத்சுவோபுஷி நுகி தே’ என்று சொல்லி மீன்சீவல் இல்லாமல் வாங்கும் குளிர்ந்த தோஃபு. இலையுதிர்காலமென்றால் கின்னான் கேளுங்கள். உப்போடு வறுத்த கிங்கோ விதை அது. வெடித்த ஓட்டை விரலால் பிளந்தால் உள்ளே பச்சைக் கண்ணாடிபோல ஒரு பருப்பு, லேசான கசப்பு, ஓரத்தில் ஒட்டிய உப்பு. சூடு ஆறினால் ருசி போய்விடும். ஒரு கைப்பிடிக்கு மேல் வேண்டாம், சிறு பிள்ளைகளுக்குக் கொடுக்கவே வேண்டாம், அதிகமானால் நஞ்சு.

காய்கறித் தெம்புராவை உப்புத் தொட்டுச் சாப்பிடலாம். ஆனால் மாவில் முட்டை இருக்கும், இறால் பொரித்த அதே எண்ணெயாகவும் இருக்கும். அதெல்லாம் கூடாது என்பவர்கள் இசகாயாவில் பத்தாயிரம் யென் கொட்ட வேண்டாம் என்பது என் கட்சி. கியோட்டோவிலோ கோயா மலையிலோ புத்த மடாலய முறையில் சமைக்கும் ஷோஜின் உணவுக்கு அதைச் செலவழியுங்கள், திருப்தியாக எழுந்திருப்பீர்கள்.

மீன், கோழி ஓகே. மாடும் பன்றியும் வேண்டாம். எதைப் பார்த்து ஒதுங்குவது?

கியூநிகு மாடு, புதாநிகு பன்றி. ஒசாகா பக்கம் வெறும் ‘நிகு’ என்றாலே மாடுதான். நிகோமி என்று வரும் குழம்பு பெரும்பாலும் மாட்டு நரம்போ, மாட்டுக் குடலோ பன்றிக் குடலோ. உருளைக்கிழங்கு சாலட்டில் ஹாமோ பேக்கனோ ஒளிந்திருக்கும், கேட்டுவிடுங்கள். ஹலால் பார்க்கிறவர்களுக்கு ஒரு வார்த்தை: சமையலிலேயே சாக்கேயும் மிரின் என்ற இனிப்பு மதுவும் சேர்வதால் இந்த வகைக் கடை கஷ்டம்.

நான் குடிப்பதில்லை. உள்ளே விடுவார்களா?

தாராளமாக. ஆனால் தண்ணீரை மட்டும் வைத்துக்கொண்டு உட்காரக் கூடாது. ஆளுக்கொரு பானமாவது வாங்குவதுதான் வழக்கம். குளிர்ந்த ஊலாங் தேநீர், யுசு என்ற எலுமிச்சை வகைப் பழத்தின் சோடா, ஆல்கஹால் இல்லாத பீர் எல்லாம் கிடைக்கும். ஊலாங்கைத் தூக்கிக் ‘கம்பாய்’ (சியர்ஸ்) சொன்னால் யாரும் ஏன் என்று கேட்கப்போவதில்லை. கூட வரும் பிள்ளைகளுக்கு ஒரு தகவல்: 2022இல் ஜப்பானில் வயதுவந்தோர் வயது 18 ஆனது, ஆனால் குடிக்கும் வயது இன்னும் 20தான்.

சாக்கே பட்டியல் முழுக்கக் கையெழுத்தில் இருக்கிறது. எதைக் காட்டிக் கேட்பது?

பட்டியலை மூடிவையுங்கள். ‘கராகுச்சி’ என்றால் இனிப்புக் குறைந்தது, அதைச் சொல்லி, மேற்கொண்டு ‘ஒசுசுமே’ (உங்கள் பரிந்துரை) என்றால் கடைக்காரரே தேர்ந்தெடுத்துத் தருவார்.

விலை கூடியதுதான் நல்லது என்று நினைத்து எல்லாரும் தைகிஞ்சோ என்ற சாக்கே வகையைக் கேட்கிறார்கள். அரிசியைப் பாதிக்கு மேல் தேய்த்துத் தள்ளிவிட்டு வடிப்பது அது. பழ வாசனை தூக்கலாக இருக்கும். முதல் கோப்பைக்குச் சரி. சுட்ட மீன் வந்தபிறகு அந்த வாசனை இடைஞ்சல்தான், வெதுவெதுப்பாகச் சூடு செய்த ஜும்மாய் (தனியாக ஆல்கஹால் சேர்க்காத சாக்கே) அங்கே நன்றாகப் பொருந்தும். சாக்கேயை அளக்கும் ஒரு கோ என்பது 180 மில்லி. பல கடைகளில் பாதி அளவும் தருவார்கள், அதிலேயே தொடங்குங்கள். பலம் பதினைந்து சதவீதத்தை ஒட்டி இருக்கும், பீர் மாதிரி நினைத்துக்கொண்டு இறக்கிவிடாதீர்கள். கூடவே தண்ணீர் கேட்டு வாங்கிக் குடியுங்கள்.

சில கடைகளில் ஒரு சதுர மரப்பெட்டிக்குள் கண்ணாடி டம்ளரை வைத்து, 1.8 லிட்டர் பாட்டிலைச் சாய்த்து, வழிந்து பெட்டியும் நிறையும்வரை ஊற்றுவார்கள். கை தவறவில்லை, அது தாராளம். டம்ளரைத் தூக்காமல் குனிந்து முதல் மிடறை உறிஞ்சுங்கள். அப்புறம் தூக்கி, அடியைத் துணியில் ஒற்றிவிட்டுக் குடியுங்கள். பெட்டியில் தேங்கியதை டம்ளரில் ஊற்றிக்கொள்ளலாம்.

பொதுவான குடுவையிலிருந்து தானே ஊற்றிக்கொள்வது வழக்கமில்லை. பக்கத்தவர் கோப்பையை நீங்கள் நிரப்புங்கள், உங்களுடையதை அவர் பார்த்துக்கொள்வார்.

சாப்பாட்டை எந்த வரிசையில் கேட்பது?

எல்லாவற்றையும் ஒரே மூச்சில் சொல்லாதீர்கள், நம்மவர்கள் செய்யும் பெரிய தப்பு இதுதான். முதலில் பச்சை மீன் கலவைத் தட்டு. இரண்டு பேருக்கு என்று சொன்னால் அளவாக வெட்டித் தருவார்கள். அது தீரும் தறுவாயில் வேகவைத்தது ஒன்று, சுட்டது ஒன்று, பிறகு பொரித்தது. கடைசியில் ஷிமெ, அதாவது சோறோ நூடுல்ஸோ. மண்சட்டிச் சோறு இருந்தால் அதை மட்டும் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள், அரைமணிக்கு மேல் ஆகும்.

பருவம் பார்த்துக் கேட்டால் சமையல்காரர் முகமே மலர்ந்துவிடும். வசந்தத்தில் தோயாமாவின் மின்மினிக் கணவாய், கோடையில் அயு என்ற ஆற்று மீன், இலையுதிர்காலத்தில் சன்மா மீனும் கொழுப்பேறித் திரும்பும் கத்சுவோவும், குளிரில் புரி என்ற மீன். குளிர்காலத்து ஷிராகோவை வெண்ணெய்போல இருக்கிறதே என்று ரசித்துவிட்டு என்னவென்று கேட்பவர்கள் உண்டு. ஆண் காட் மீனின் விந்துப்பை. முன்பே தெரிந்துகொள்வது நல்லது. விலைக்குப் பதில் 時価 என்று இரண்டு எழுத்து இருந்தால் அன்றைய சந்தை விலை. ‘இகுரா தெசு கா?’ (எவ்வளவு?) என்று கேட்டுவிட்டு வாங்குங்கள், அதில் வெட்கமில்லை.

நான் தனியாகப் பயணம் செய்யும் பெண். தனியாகப் போகலாமா?

போங்கள், கவுண்டரில் உட்காருங்கள். தனியாக வருபவர்களுக்கு அதைவிட நல்ல இடம் கிடையாது. முன்பதிவை ஹோட்டல் வரவேற்பிலோ தாபெலொகு போன்ற தளத்திலோ செய்யலாம். அதில் 3.5 மதிப்பெண்ணே மிக நல்லது, நம்மூர்க் கணக்கில் பார்த்து ஒதுக்கிவிடாதீர்கள். வராமல் போனால் கட்டணம் பிடிப்பார்கள், பத்து நிமிடம் தாமதம் என்றாலும் போன் செய்யுங்கள். அன்றைக்கு மட்டும் சென்ட் வேண்டாம்.

கைக்குழந்தையோடு?

இந்த வகைக் கடைக்கு வேண்டாம். தனி அறை இருந்தால் கேட்டுப் பாருங்கள்.

மரியாதைக் குறைவாக எதையும் செய்துவிடக் கூடாதே என்று பயமாக இருக்கிறது.

சோற்றில் சாப்பிடும் குச்சியை நட்டு வைக்காதீர்கள். ஒருவர் குச்சியிலிருந்து இன்னொருவர் குச்சிக்கு உணவை மாற்றாதீர்கள். இரண்டும் சாவுச் சடங்கை நினைவூட்டுபவை. படியேறும் இடத்தில் செருப்பைக் கழற்றுங்கள், கிழிசல் இல்லாத காலுறை போட்டுப் போங்கள். கழிப்பறைச் செருப்போடு மேசைக்குத் திரும்பிவிடாதீர்கள். மற்றதை எல்லாம் மன்னித்துவிடுவார்கள்.

டிப்ஸ் எவ்வளவு? மிச்சமானதைப் பார்சல் கட்டித் தருவார்களா?

டிப்ஸ் கிடையாது, வைத்தால் தெருவரை ஓடிவந்து திருப்பிக் கொடுப்பார்கள். சில இடங்களில் சேவைக் கட்டணம் பில்லிலேயே இருக்கும், வரி 10 சதவீதம். ‘ஒகாய்கெய் ஒனெகாய்ஷிமாஸ்’ (பில் கொடுங்கள்) என்று சொல்லி, பணத்தைக் கையில் கொடுக்காமல் அவர்கள் நீட்டும் சின்னத் தட்டில் வையுங்கள். பழைய கடைகளில் கார்டு எடுக்காமலும் இருக்கலாம், ரொக்கம் வைத்திருங்கள்.

பார்சல் பெரும்பாலும் தர மாட்டார்கள். பச்சை மீனை வெளியே கொண்டுபோய் யாருக்காவது வயிற்றுக்கு ஏதாவது ஆனால் கடைக்குக் கெட்ட பெயர் என்று பயப்படுவார்கள். மண்சட்டிச் சோறு மீந்தால் மட்டும் கேளுங்கள். சில கடைகளில் உருண்டை பிடித்து, சுற்றிக் கொடுப்பார்கள்.