கடன் கணக்கில் கழித்தல் குறி: முதலீடு திரும்பி வந்துவிட்டதா?

கேள்வி: முதுகலைப் பொருளியல் ஆய்வேட்டுக்காக ஒரு நாட்டிலிருந்து வெளியே போகும் அந்நிய நேரடி முதலீட்டின் 20 ஆண்டுப் புள்ளிவிவரத்தை எடுத்து வைத்திருக்கிறேன். பங்கு மூலதனம், மறுமுதலீடு செய்த லாபம், கடன் என்று மூன்று நிரல்கள். கடன் நிரல் மட்டும் ஒரு வருடம் ஏகத்துக்கு ஏறுகிறது, மறு வருடம் பாதாளத்துக்கு இறங்குகிறது. நான்கைந்து ஆண்டுகளில் கழித்தல் குறியே வருகிறது. 'அந்த ஆண்டுகளில் நிறுவனங்கள் வெளிநாட்டுத் தொழிலைச் சுருக்கிக்கொண்டன' என்று எழுதினேன். வழிகாட்டி அதை அடித்துவிட்டார். இந்த எண்களில் போக்கு என்று எதைத்தான் சொல்வது?

பதில்: வழிகாட்டி அடித்தது சரிதான். கடன் நிரலில் பெரும்பாலும் தெரிவது தொழில் விரிவாக்கமோ சுருக்கமோ அல்ல. குழும நிறுவனங்கள் தங்களுக்குள் பணத்தை எந்தப் பையிலிருந்து எந்தப் பைக்கு மாற்றின என்பதுதான். அதனால் முதலில் அந்த நிரலுக்குள் என்ன இருக்கிறது, என்ன இல்லை என்று பார்த்துவிடுவோம்.

ஒரு நிறுவனம் வெளிநாட்டு நிறுவனத்தில் 10% அல்லது அதற்கு மேல் வாக்குரிமை வைத்திருந்தால் அது நேரடி முதலீட்டு உறவு. அந்த உறவு வந்த பிறகு இருவருக்கும் இடையில் நடக்கும் கடன், ஒருவர் வெளியிட்டு மற்றவர் வாங்கிய கடன் பத்திரம், சரக்கு அனுப்பிவிட்டுப் பணம் வராமல் நிற்கும் வணிகக் கடன், சேர்ந்தும் கட்டப்படாத வட்டி எல்லாமே இந்த நிரலில் விழும். அதுவும் நிகரத் தொகையாக: புதிதாகக் கொடுத்ததிலிருந்து திரும்பி வந்ததைக் கழித்த மிச்சம். வங்கி போன்ற நிதி நிறுவனங்கள் தங்கள் சொந்தக் கிளை, நிதித் துணை நிறுவனங்களோடு வைத்திருக்கும் கடன் இதில் சேராது.

ஆய்வேடுகளில் அதிகம் தவறுவது அடுத்த இடத்தில். தாய் நிறுவனம் உள்நாட்டு வங்கியில் கடன் வாங்கி, அந்தப் பணத்தில் வெளிநாட்டு நிறுவனத்தின் பங்குகளை வாங்கினால் அது பங்கு மூலதன நிரலில்தான் வரும். துணை நிறுவனம் தான் இருக்கும் நாட்டு வங்கியிலேயே கடன் வாங்கித் தொழிற்சாலை கட்டினால் எந்த நிரலிலும் வராது. எனவே 'கடன் வாங்கிச் செய்த வெளிநாட்டு முதலீடு' என்ற பொருளில் இந்த நிரலைப் படிக்கவே கூடாது. துணை நிறுவனத்தின் கடனுக்குத் தாய் கொடுத்த உத்தரவாதமும் அப்படித்தான். அது செயலுக்கு வந்து பணம் கட்டப்படும் வரை, நாட்டுக்கும் வெளிநாடுகளுக்கும் இடையிலான வரவுசெலவைப் பதியும் செலுத்துநிலைக் கணக்கில் இடம்பெறாது. ஆனால் இந்திய ரிசர்வ் வங்கி மாதந்தோறும் தரும் வெளிநாட்டு முதலீட்டு விவரத்தில் பங்கு, கடன், உத்தரவாதம் மூன்றும் சேர்ந்தே இருக்கும். அந்த மொத்தத்தையும் செலுத்துநிலைக் கணக்கின் மொத்தத்தையும் ஒரே வரைபடத்தில் போட்டால் கணக்கு உதைக்கும்.

இனி கழித்தல் குறி. ஓர் ஆண்டில் தாய் நிறுவனம் துணை நிறுவனத்துக்கு 100 கோடி டாலர் புதுக் கடன் கொடுக்கிறது. பழைய கடனில் 60 கோடி திரும்பி வருகிறது. அதே ஆண்டில் வேறொரு நாட்டில் இருக்கும் அதன் நிதித் துணை நிறுவனம் உலகச் சந்தையில் கடன் பத்திரம் விற்று, திரட்டிய 70 கோடியைத் தாய்க்குக் கடனாக அனுப்புகிறது. இது எதிர்த்திசை முதலீடு. திசை அடிப்படையில், அதாவது எதிர்த்திசையில் வந்ததைக் கழித்துக் கணக்கிட்டால் 100 − 60 − 70, அதாவது −30 கோடி. சொத்து, பொறுப்பு அடிப்படையில், அதாவது கொடுத்த கடனையும் வாங்கிய கடனையும் தனித்தனியாக வைத்துக் கணக்கிட்டால் சொத்துப் பக்கம் +40, பொறுப்புப் பக்கம் +70. இரண்டும் சரியான கணக்குதான். முதல் எண்ணை மட்டும் பார்ப்பவர் நிறுவனம் பின்வாங்கிவிட்டது என்பார். நடந்ததோ அது தன் வெளிநாட்டுக் கையை வைத்து மலிவாகக் கடன் திரட்டியது. வெளிநாட்டில் இருந்த ஒரு இயந்திரம்கூட விற்கப்படவில்லை.

இப்படி நிஜத்திலும் நடந்திருக்கிறது. பிரேசிலிலிருந்து வெளியே போன நேரடி முதலீடு 2008இல் 2,000 கோடி டாலருக்கு மேல் இருந்தது. 2009இல் சுமார் −1,000 கோடி. உலக நிதி நெருக்கடியைத் தொடர்ந்து, வெளிநாட்டுத் துணை நிறுவனங்களிலிருந்து பிரேசில் தாய் நிறுவனங்களுக்குக் கடன் தொகை பெருமளவில் திரும்பி வந்ததுதான் காரணம். பங்கு மூலதன நிரல் அந்த ஆண்டிலும் கூட்டல் பக்கமே இருந்தது. இதோடு அமெரிக்காவின் 2018ஐ ஒப்பிட்டுப் பாருங்கள். 2017 டிசம்பரில் வரிச்சட்டம் மாறியதும், வெளிநாட்டில் தேங்கிய லாபம் ஈவுத்தொகையாகத் தாய்நாடு திரும்பியது. மொத்த முதலீடே கழித்தலுக்குப் போனது. ஆனால் அங்கே சரிந்தது மறுமுதலீட்டு லாப நிரல். மொத்தத்தில் இரண்டும் ஒரே மாதிரி தெரியும். எந்த நிரல் இறங்கியது என்று பார்த்தால்தான் கதை வேறு என்பது புரியும்.

ஆகவே உங்கள் கோப்பைத் திறந்ததும் முதல் வேலை, தரவு எந்த அடிப்படையில் தொகுக்கப்பட்டது என்று அட்டவணையின் அடிக்குறிப்பில் பார்ப்பது. ஐ.நா.வின் வணிக, வளர்ச்சி அமைப்பான அங்க்டாட் பெரும்பாலும் திசை அடிப்படையில் தருகிறது. சர்வதேச நாணய நிதியத்தின் செலுத்துநிலை அட்டவணை சொத்து, பொறுப்பு அடிப்படையில். பாதி ஆண்டுகளை ஒன்றிலிருந்தும் மீதியை இன்னொன்றிலிருந்தும் எடுத்து ஒட்டாதீர்கள். 20 ஆண்டுத் தொடர் என்பதால் இன்னொரு பொறியும் உண்டு. நாணய நிதியத்தின் ஐந்தாம் பதிப்புக் கையேட்டில் வெளிநாட்டுச் சொத்து கூடினால் கழித்தல் குறி; 2009இல் வந்த ஆறாம் பதிப்பில் அதே கூடுதலுக்குக் கூட்டல் குறி. அமெரிக்காவும் யூரோ மண்டலமும் 2014இல் புதிய முறைக்கு மாறின. உங்கள் நாடு எந்த ஆண்டில் மாறியது, பழைய ஆண்டுகளையும் திருத்தி வெளியிட்டதா என்று பார்த்துவிடுங்கள். நான்கைந்து கழித்தல் ஆண்டுகளும் தொடரின் தொடக்கத்திலேயே கூட்டமாக இருந்தால் முதலில் இதைத்தான் சந்தேகிக்க வேண்டும்.

இருப்பையும் (ஒரு தேதியில் நிலுவையில் உள்ள தொகை) ஓட்டத்தையும் (ஓர் ஆண்டில் கைமாறிய தொகை) குழப்பாதீர்கள். 100 கோடி யூரோ கடன் நிலுவையில் இருக்கிறது. யூரோவின் மதிப்பு 1.20 டாலரிலிருந்து 1.05க்கு இறங்கினால், ஒரு பைசா கைமாறாமலே இருப்பு 120 கோடி டாலரிலிருந்து 105 கோடி ஆகிவிடும். ஓட்டம் பூஜ்யம். இரண்டு ஆண்டு இருப்புகளைக் கழித்து 'முதலீடு' என்று எழுதியிருந்தால் அந்த 15 கோடி பொய் இறக்கம். கடனைப் பங்காக மாற்றும்போது வேறு விதம்: கடன் நிரல் இறங்கும், பங்கு நிரல் அதே அளவு ஏறும், மொத்தம் அசையாது. ஒரே காலாண்டில் இரண்டு நிரல்களும் எதிரெதிராக, ஏறக்குறைய சம அளவில் அசைந்திருந்தால் அதுதான் நடந்திருக்கும்.

ஏன் ஏறி இறங்குகிறது என்ற விளக்கத்துக்கு வட்டி விகிதத்தையும் வரி விதியையும் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். அமெரிக்க மத்திய வங்கியின் வட்டி 2022 தொடக்கத்தில் 0–0.25%, 2023 ஜூலையில் 5.25–5.50%. இவ்வளவு உயரும்போது எந்த நிறுவனம் எங்கே கடன் வாங்கி எங்கே அனுப்பும் என்ற கணக்கே மாறிவிடும். பங்குக்குப் பதில் கடனாகக் கொடுப்பதன் பெரிய கவர்ச்சி, வட்டியைத் துணை நிறுவனம் செலவாகக் கழித்து வரியைக் குறைக்கலாம் என்பது. 2015இல் வளர்ந்த நாடுகளின் பொருளாதார அமைப்பான ஓ.இ.சி.டி., நிகர வட்டிக் கழிவை வட்டி, வரி, தேய்மானத்துக்கு முந்தைய லாபத்தில் 10 முதல் 30 சதவீதத்துக்குள் அடக்கப் பரிந்துரைத்தது; ஐரோப்பிய ஒன்றியத்தின் 30% வரம்பு 2019 ஜனவரி 1 முதல் நடைமுறைக்கு வந்தது. முதலீடு போய்ச் சேரும் நாட்டில் இந்த விதி எப்போது வந்தது என்று ஒரு கோடு போட்டுப் பாருங்கள்.

கணக்கிடும் முறையில் ஒன்றை வற்புறுத்திச் சொல்கிறேன்: மொத்த முதலீட்டில் கடனின் பங்கு என்று சதவீதம் போடாதீர்கள். பங்கு மூலதனம் 30, மறுமுதலீடு 50, கடன் −60 என்றால் மொத்தம் 20. கடனின் 'பங்கு' −300% என்று வரும். அந்த எண்ணுக்கு அர்த்தமே இல்லை. அதற்குப் பதில் ஆண்டின் கடன் ஓட்டத்தை ஆண்டுத் தொடக்கக் கடன் இருப்பால் வகுத்துப் பாருங்கள், அல்லது மொத்த உள்நாட்டு உற்பத்தியால். காலாண்டுத் தரவு என்றால் நான்கு காலாண்டுகளின் கூட்டுத்தொகையை நகர்த்திக்கொண்டே வரைபடம் போடுங்கள். நிறுவனத்தின் பணத்தை நிர்வகிக்கும் கருவூலப் பிரிவு காலாண்டு முடிவில் செய்யும் பண மாற்றங்களின் ஆட்டம் அதில் அடங்கிவிடும். புதுக் கடன் எவ்வளவு, திருப்பியது எவ்வளவு என்று தனித்தனியாக வெளியிடும் மத்திய வங்கியாக இருந்தால் அந்த இரண்டு கோடுகளையும் வரையுங்கள். நிகரத் தொகை ஒன்றே போதும் என்று விட்டுவிடாதீர்கள்.

இத்தனையும் பார்த்த பிறகு, அடிக்கப்பட்ட வாக்கியத்தை இப்படி மாற்றலாம்: 'இந்த ஆண்டுகளில் துணை நிறுவனங்களிடமிருந்து தாய் நிறுவனங்களுக்கு வந்த கடனும் திரும்பக் கட்டிய தொகையும் புதிதாகக் கொடுத்த கடனை மிஞ்சின, பங்கு மூலதனம் இன்ன அளவில் தொடர்ந்தது.' பங்கு நிரலும் அதே ஆண்டுகளில் இறங்கியிருந்தால் மட்டும் 'சுருக்கம்' என்ற சொல்லைத் திரும்ப எடுத்துக்கொள்ளுங்கள்.