அச்சு உரிகிறது, தூசியும் ஒட்டுகிறது: பாலித்தீன் ஃபிலிமுக்கு என்ன செய்யலாம்?

கேள்வி: பாலித்தீன் ஃபிலிம் ரோல் வாங்கி, அச்சடித்துப் பைகள் செய்கிறோம். செல்லோடேப் ஒட்டிப் பிரித்தால் மை கூடவே வந்துவிடுகிறது. பைகள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்கின்றன, தூசியையும் இழுக்கின்றன. மைக்கு அடியில் பூசும் ஒரு பிரைமர் பூசினால் இரண்டும் சரியாகிவிடும் என்கிறார் முகவர். வாங்கலாமா?

பதில்: இப்போதைக்கு வாங்காதீர்கள். பிரைமரும் ஒரு திரவம்தான். மை பரவாத பரப்பில் பெரும்பாலும் அதுவும் சரியாகப் பரவாது. முதலில் உங்கள் ஃபிலிமின் நிலையைத் தெரிந்துகொள்ள வேண்டும்.

திரவம் ஒரு பரப்பில் பரவுமா என்பதைச் சொல்வது பரப்பு ஆற்றல், அதன் அளவு டைன் (சென்டிமீட்டருக்கு). வெறும் பாலித்தீனுக்கு அது ஏறக்குறைய 31 டைன். கரைப்பான் கலந்த மைக்குக் குறைந்தது 38 வேண்டும், நீர் கலந்த மைக்கு 42 வரைகூடத் தேவைப்படும். அதற்காகத்தான் கொரோனா ட்ரீட்மென்ட் செய்கிறார்கள். உயர் மின்னழுத்தப் பொறி காற்றிலுள்ள ஆக்சிஜனைப் பரப்பின் மிக மெல்லிய மேலடுக்கில் பிணைக்கிறது. கண்ணுக்கோ கைக்கோ இந்த மாற்றம் தெரியாது. ஏமாற்றுகிறவர்களுக்கு அதுவே வசதி.

'ட்ரீட் செய்தது, 40 டைன்' என்று ரோலோடு வரும் தாளை நம்பி அச்சை ஓட்டாதீர்கள். ஃபிலிம் இயந்திரத்தை விட்டு வந்த அன்றைய அளவு அது. நாளாக ஆக இறங்கும். ஃபிலிம் வழுக்குவதற்காகக் கலந்த ஸ்லிப் பொருளும் உள்ளிருந்து மேலே வந்து பரப்பை மூடும். மாதக்கணக்கில் கிடங்கில் கிடந்த ரோலைப் புதுத் தாளோடு தள்ளிவிடும் இடைத்தரகர்கள் இருக்கிறார்கள். ட்ரீட் செய்த தேதியைத் தாளில் அச்சிட என்ன தடை? எத்தனை முறை கேட்டாலும் பலர் போடுவதில்லை. வாங்குகிறவர் தலையில் நட்டத்தைக் கட்டும் இந்தப் பழக்கத்தை இன்னும் எத்தனை காலம் பொறுத்துக்கொள்வது?

ஆகவே பரப்பின் டைன் அளவைச் சோதிக்கும் திரவம் நிரப்பிய டைன் பேனா ஒன்று வாங்கிக்கொள்ளுங்கள். 38 எண் பேனாவால் கோடு போடுங்கள். 2 வினாடி உடையாமல் நின்றால் 38 இருக்கிறது. அதற்குள் துளித்துளியாகச் சுருங்கினால் இல்லை. ரோலின் அகலம் முழுக்கப் பல இடங்களில், இரண்டு பக்கமும் பாருங்கள். பெரும்பாலும் ஒரு பக்கம் மட்டுமே ட்ரீட் செய்திருப்பார்கள். மறுபக்கத்தில் அச்சடித்துவிட்டு மையைக் குறை சொல்வது அடிக்கடி நடக்கிறது. சோதிக்கும் இடத்தில் விரல் படக்கூடாது. சில பேனாக்களின் திரவம் நச்சுத்தன்மை உள்ளது, கையுறை போடுங்கள்.

அளவு இறங்கிய ரோலை மறுபடி ட்ரீட் செய்யலாமா? இங்கே ஒரு வேறுபாடு உண்டு, கவனமாகப் படியுங்கள். தயாரித்த சூட்டிலேயே ஒருமுறை ட்ரீட் செய்த ஃபிலிமாக இருந்தால், அச்சுக்குச் சற்று முன்பு லேசாக இன்னொரு முறை செய்தால் அளவு நன்றாக ஏறும். தொடக்கத்தில் செய்யாமலே விட்ட, ஸ்லிப் மேலே வந்துவிட்ட பழைய ஃபிலிமில் எவ்வளவு முயன்றாலும் சிறிதுதான் ஏறும். இரண்டும் பார்வைக்கு ஒன்றுபோலவே இருக்கும். எனவே மறு ட்ரீட்மென்ட்டுக்குக் காசு கொடுக்கும் முன், இது முதலில் ட்ரீட் செய்யப்பட்டதா என்று எழுத்தில் கேட்டு வாங்குங்கள். பதில் வராவிட்டால், செய்யாதது என்றே வைத்துக்கொள்ளுங்கள்.

பவரைக் கூட்டினால் இன்னும் நன்றாக ஒட்டும் என்பார்கள். கேட்காதீர்கள். அளவு மீறினால் மேலடுக்கு சிதைந்து பலமிழக்கும். மை அந்த அடுக்கைப் பிடிக்கும், அடுக்கே ஃபிலிமை விட்டு உரிந்து வரும். டைன் பேனாவோ அதிக எண்ணைக் காட்டும். பையைச் சூடாக்கி ஒட்டும் இணைப்பும் கெடும்.

அப்புறம் தூசி. இது வேறு நோய், கொரோனாவால் தீராது. பாலித்தீனின் பரப்பு மின்தடை கோடி கோடி ஓமுக்கும் மேல், அதனால் சேர்ந்த மின்னூட்டம் போக வழியில்லை. ஆன்டிஸ்டாட்டிக் பொருள் காற்றின் ஈரத்தை இழுத்து அதற்கு வழி செய்கிறது. தடை ஆயிரம் கோடி ஓம் அளவுக்கு இறங்கினாலே தூசி குறையும். காற்று வறண்டிருந்தால் பலன் குறைவு. இந்தப் பொருளும் பரப்புக்கு வருவதுதான், அதிகமானால் மையைத் தடுக்கும். அச்சு இயந்திரத்தில் அயனியாக்கப் பட்டை பொருத்தினால் அந்த இடத்தில் மின்னூட்டம் நீங்கும், ஆனால் பிறகு உரசினால் திரும்ப வரும். பைகளைப் பிரிக்கும்போது கை முடி சிலிர்த்தால் காரணம் மின்னூட்டம். சிலிர்க்காமல், அடுக்கின் அழுத்தத்தில் பசைபோல் பிடித்திருந்தால், மிகையான ட்ரீட்மென்ட்டைச் சந்தேகியுங்கள்.

அடுத்த ஆர்டரில் டைன் அளவு, எந்தப் பக்கம், ட்ரீட் செய்த தேதி, ஸ்லிப், ஆன்டிஸ்டாட்டிக் உண்டா என்பதை எழுதிவிடுங்கள். ரோல் வந்து இறங்கும்போதே பேனாவால் பாருங்கள், தேறாவிட்டால் திருப்பி அனுப்புங்கள். முகவர் விடாப்பிடியாக நின்றால், உங்கள் ஃபிலிமிலேயே ஒரு மீட்டர் பிரைமர் பூசித் தரச் சொல்லி, உங்கள் மையால் அச்சடித்து, ஒரு வாரம் கழித்து டேப் ஒட்டிப் பாருங்கள்.