இசைத்தட்டு: கேள்வி - பதில்

ஒரே பாட்டின் பழைய 78 தட்டுப் பதிவு என்னிடம் இரண்டு சி.டி.யில் இருக்கிறது. ஒன்றில் சுருதி (குரல் நிற்கும் ஆதார உயரம்) 5 கட்டை, மற்றதில் 5½. ‘குரலில் இளமை துள்ளுகிறது’ என்று ஒரு விமர்சகர் இரண்டாவதைப் புகழ்கிறார். எதை நம்புவது?
– வாசகி, தண்டையார்பேட்டை

அந்தத் துள்ளல் தட்டைச் சுழற்றிய வேகத்தால் வந்திருக்கலாம். நிமிடத்துக்கு 78 சுற்று என்பது பெயருக்குத்தான். மைக் வருவதற்கு முன் புனலில் பாடிப் பதிந்த தட்டுகளின் வேகம் கூடக்குறைய இருக்கும். ஏறத்தாழ 73½ சுற்றில் பதிந்ததை 78-இல் ஓட்டினால் அரைக்கட்டை ஏறிவிடும், காலப்பிரமாணமும் (பாட்டின் ஓட்டமும்) 6 சதவீதம் விரையும்.

அதே பாடகியின் அதே காலத்துப் பதிவுகள் நான்கைந்தைச் சுருதிப் பெட்டியோடு வைத்துக் கேளுங்கள். பெரும்பாலும் 5 என்றால், 5½ சந்தேகத்துக்குரியது. வயதோடு சுருதி இறங்கும் என்பதால் பிற்காலக் கச்சேரிகளை அளவுகோலாக வைக்கக் கூடாது. அடுத்து கமகத்தை, அதாவது ஸ்வரத்தின் அசைவை, கவனியுங்கள். வேகம் கூடினால் தோடி ராகத்தின் காந்தார (‘க’) ஸ்வரம் அசையாமல் நடுங்கும். ‘ச’, ‘ஸ’ எழுத்துகள் மெலிந்து சீறும்.

கணினியில் 5½ பதிவின் வேகத்தை 5.6 சதவீதம் குறைத்துப் பாருங்கள். சுருதியும் காலமும் சேர்ந்து இறங்க வேண்டும். சுருதியை மட்டும் இறக்கினால் ஓட்டம் பழையபடியே நிற்கும். பிறகு இரண்டின் ஒலியளவையும் சமமாக்குங்கள். ஒரு டெசிபல் உரக்கக் கேட்பதே நமக்கு ‘நன்றாக’ இருக்கும். வீட்டில் வேறொருவரை மாற்றி மாற்றிப் போடச் சொல்லி, பல்லவியின் அதே அரை நிமிடத்தை எது எதென்று தெரியாமல் கேளுங்கள்.

அப்படியானால் விமர்சகர்களை நம்பவே கூடாதா?
– வாசகர், ராயபுரம்

சிலரைத் தாராளமாக நம்பலாம். தட்டின் எண், எத்தனை கட்டை, பக்கவாத்தியம் யார், மூலம் தட்டா டேப்பா என்று எழுதுகிறவர், நாம் சரிபார்க்க இடம் கொடுக்கிறார். நீங்கள் மனப்பாடமாக அறிந்த ஒரு பதிவைப் பற்றி அவர் எழுதியதை முதலில் படியுங்கள். அதில் உங்கள் காதுக்குக் கேட்டது அவருக்கும் கேட்டிருந்தால், தெரியாத பதிவிலும் அவர் பேச்சை எடுத்துக்கொள்ளலாம்.

‘இரைச்சலே இல்லை’ என்ற பாராட்டைக் கண்டால் மட்டும் உஷார். நம் ஜார்ஜ் டவுனில் வாழ்ந்த வீணை தனம்மாள் 1932-இல் கொலம்பியா இசைத்தட்டுக் கம்பெனிக்கு வாசித்த தட்டுகளை எடுத்துக்கொள்ளுங்கள். ஒரு மீட்டில் எழுந்த நாதம் தேயத் தேய, தந்தியை இழுத்து அடுத்த ஸ்வரங்களைக் காட்டுவது வீணையின் வழி. அந்தத் தேயும் நாதமும் தட்டின் இரைச்சலும் ஏறக்குறைய ஒரே அளவு. இரைச்சலை முழுக்கத் துடைக்கும் மென்பொருள் அந்த வாலையும் வெட்டிவிடும். மிஞ்சுவது மீட்டுச் சத்தம்தான். கொஞ்சம் கரகரப்போடு நாதம் முழுசாக இருக்கும் பதிப்பையே வாங்குங்கள்.

மூர் மார்க்கெட்டில் வாங்கிய 78 தட்டு ஒரே கரகரப்பு. தட்டு தேய்ந்துவிட்டதா?
– வாசகர், பெரம்பூர்

முதலில் ஊசியைப் பாருங்கள். எல்.பி. (பிற்கால வினைல் தட்டு) ஊசியின் முனை சுமார் 1 மில் (அங்குலத்தில் ஆயிரத்தில் ஒரு பங்கு). 78-இன் பள்ளத்துக்கு 3 மில் வேண்டும். சின்ன ஊசி அடியில் இறங்கி அழுக்கைத்தான் வாசிக்கும்.

அடுத்து கழுவுதல். 78 தட்டு அரக்கால் ஆனது; ஸ்பிரிட் பட்டால் கரைந்துவிடும். காய்ச்சி வடித்த தண்ணீரில் பாத்திரம் தேய்க்கும் திரவம் ஒரு சொட்டு விட்டு, லேபிள் நனையாமல், பள்ளம் போகும் வாக்கிலேயே துடையுங்கள். நம் பக்கத்துக் கடற்காற்று ஈரத்தில் பூஞ்சை பிடிக்கும் என்பதால், நன்றாக உலர்த்திய பிறகே உறையில் போட்டு நிற்க வைத்து அடுக்குங்கள்.